ஆர்கன் துருத்தியில் விமானம் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர்: எட்வின் லிங்க்

கோடை விடுமுறை முடிந்தும் நம் வளாகத்துப் பிள்ளைகளில் சிலர் இன்னும் தரையிறங்கவில்லை. கம்ப்யூட்டரில் ஃப்ளைட் சிமுலேட்டர், மேஜையில் ஒரு ஜாய்ஸ்டிக், காதில் ஹெட்செட் என்று உட்கார்ந்துவிட்டால் சாப்பிடக் கூப்பிட்டாலும் வருவதில்லை. நேராகப் பறந்து நேராக இறங்குவதோடு இவர்கள் நிற்பதும் இல்லை. விமானத்தைச் செங்குத்தாக ஏற்றித் தலைகீழாக்கி ஒரு வட்டம் போட்டுக் கீழே கொண்டு வருகிறார்கள். அதற்கு லூப் என்று பெயராம். பக்கவாட்டில் உருள்வது ரோல். பம்பரம் போலச் சுழன்று விழுவது ஸ்பின். பெற்றோருக்குப் பார்த்தாலே தலை சுற்றுகிறது. பிள்ளைகளோ முறுக்கு தின்றுகொண்டே செய்கிறார்கள்.

தரையை விட்டு ஓர் அங்குலம்கூட எழும்பாமல் பறக்கக் கற்றுக்கொள்ளலாம் என்பதை உலகம் நம்பும்படி செய்து காட்டியவர் ஓர் அமெரிக்கர். அவர் பொறியியல் பட்டதாரி இல்லை. படையிலோ விமானத் தொழிற்சாலையிலோ வேலை பார்த்தவரும் இல்லை. அவர் ஆர்கன் ரிப்பேர் செய்பவர். நம் பஜனை மடங்களிலும் பாட்டு கிளாஸ்களிலும் இருக்கும் ஹார்மோனியத்துக்குப் பெரியப்பா முறை ஆகவேண்டிய வாத்தியம் அது. இந்த இதழில் அவருடைய கதை.

எட்வின் ஆல்பர்ட் லிங்க் 1904 ஜூலை 26 அன்று இண்டியானா மாநிலத்தில் ஹண்டிங்டன் என்ற ஊரில் பிறந்தார். தந்தைக்கும் அதே பெயர்தான். நியூயார்க் மாநிலத்தின் பிங்ஹாம்டன் நகரில் நொடித்துப்போயிருந்த ஓர் இசைக்கருவிக் கம்பெனியைத் தந்தை 1910-ல் எடுத்து நடத்தத் தொடங்க, குடும்பம் அங்கே குடிபெயர்ந்தது. தானாக வாசிக்கும் பியானோக்களும், பின்னாளில் பேசாப்பட அரங்குகளுக்கான பெரிய ஆர்கன்களும் அங்கே தயாராயின. அந்தக் காலத்தில் திரையில் படம் ஓட, பக்கத்தில் ஒருவர் ஆர்கன் வாசிப்பார். குதிரை ஓடினால் ஒரு மெட்டு, கதாநாயகி அழுதால் ஒரு மெட்டு.

பையனுக்குப் படிப்பில் நாட்டம் இல்லை. பல பள்ளிகள் மாறினார். கல்லூரிப் பட்டம் எதுவும் வாங்கவில்லை. ஆனால் தொழிற்சாலையில் தோலும் மரமும் காற்றும் சேர்ந்து வேலை செய்யும் விதம் அவர் கைக்குள் வந்துவிட்டது. தானாக வாசிக்கும் பியானோவுக்குள் ஒரு காகிதச் சுருள் ஓடும். அதில் துளை இருக்கும் இடத்தில் காற்று நுழையும், ஒரு சின்னத் துருத்தி சுருங்கும், அதோடு இணைந்த சுத்தி கம்பியைத் தட்டும். காற்றின் அழுத்தத்தைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்தால் எந்த மரப்பாகத்தையும் மெதுவாகவோ வேகமாகவோ அசைக்கலாம். லிங்கின் பாதி வாழ்க்கைக்கு முதலாக இருந்தது இந்த ஒரு பாடம்தான்.

1920-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் இருந்தபோது, பதினாறு வயதில் முதல் பறக்கும் பாடம். சார்லி சாப்ளினின் அண்ணன் சிட்னி சாப்ளின் நடத்திய விமானக் கம்பெனியில் ஐம்பது டாலர் கட்டி ஏறினார். அன்றைக்கு அது சாதாரணப் பணம் இல்லை. பயிற்சியாளர் என்ன செய்தார் தெரியுமா? ஒரு மணி நேரத்தில் பெரும்பகுதியை லூப் போடுவதிலும், ஸ்பின்னில் சுழன்று இறங்குவதிலும், கண்ணில் பட்டதை எல்லாம் உரசுவதுபோல் தாழப் பறப்பதிலும் கழித்தார். கீழே இறங்கும்போது பையன் ஒரு தடவைகூடக் கட்டுப்பாட்டுக் கோலைத் தொட்டிருக்கவில்லை. வாந்தி வராதது ஒன்றுதான் மிச்சம்.

அந்த நாளில் இதுதான் வழக்கமும்கூட. விமானம் ஓட்டுவது பிறவியிலேயே வரவேண்டும், வயிறு தாங்குகிறவன் விமானி ஆவான், தாங்காதவன் வீட்டுக்குப் போவான் என்ற எண்ணம். லிங்குக்கு இது அபத்தமாகப் பட்டது. சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுப்பதாகச் சொல்லிப் பிள்ளையைக் கேரியரில் உட்காரவைத்து ஊர் சுற்றிக் காட்டினால் அவனுக்கு என்ன வரும்? பணத்தைக் கட்டிப் பறப்பதற்கு முன் கை, கால், கண் மூன்றும் எங்கே இருக்கவேண்டும் என்பதைத் தரையிலேயே பழக முடியாதா என்ற கேள்வி அவரை விடவில்லை.

பிங்ஹாம்டனுக்குத் திரும்பி அப்பாவின் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே கிடைத்த நேரத்தில் பறந்தார். வாய்த்த விமானங்களில் ஒண்டிக்கொண்டு, பைசா பைசாவாகச் செலவழித்துக் கற்றார். வேலையை விட்டுவிட்டு விமானத்தின் பின்னால் அலைகிறான் என்று தந்தைக்குக் கோபம். பிறகு செஸ்னா நிறுவனம் வாடிக்கையாளருக்குக் கொடுத்த முதல் விமானத்தையே வாங்கி, சவாரி ஏற்றியும் பாடம் நடத்தியும் பிழைத்தார். ஓய்ந்த நேரங்களில் ஆர்கன் தொழிற்சாலையின் நிலவறையில் ஒரு பொருள் உருவாகிக்கொண்டிருந்தது. அதற்கு ஒன்றரை ஆண்டு பிடித்தது.

பார்ப்பதற்கு அது குழந்தைகள் விளையாட்டு விமானம் மாதிரிதான் இருந்தது. குட்டையான மர உடல், ஒட்டவைத்ததுபோல் சின்ன இறக்கைகள், ஒருவர் மட்டும் உட்காரும் காக்பிட். அது நின்றது ஆர்கன் துருத்திகளின் மேல். மின்மோட்டார் ஒன்று காற்றை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். உள்ளே இருப்பவர் கோலை இடதுபக்கம் சாய்த்தால் ஒரு வால்வு திறக்கும், இடப்பக்கத் துருத்தி சுருங்கும், வலப்பக்கத்தது விரியும், பெட்டி இடதுபக்கம் சாயும். கோலைப் பின்னால் இழுத்தால் மூக்கு மேலே எழும். காலில் உள்ள ரடர் மிதியை அழுத்தினால் பெட்டி தன் அச்சிலேயே திரும்பும். அதைத் திருப்பும் மோட்டாரும் துருத்திகளால் ஆனதுதான்! ஆர்மோனியப் பெட்டியைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும்: நாம் கையால் துருத்தி போட்டுக் காற்றை ரீடுக்கு அனுப்புகிறோம், அவர் காற்றை வைத்து ஒரு ஆளையே ஆட்டினார்.

காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1931-ல் கிடைத்தது. தன் தம்பிக்கே இதில் பாடம் எடுத்தார். பெட்டியில் சில மணி நேரம், நிஜ விமானத்தில் ஒரு மணி நேரத்துக்கும் குறைவு, தம்பி தனியாகப் பறந்துவிட்டார். கண்ணால் பார்த்தும் விமானப் பள்ளிகள் நம்பவில்லை, இராணுவமும் நம்பவில்லை. வாங்க முன்வந்தவர்கள் பொழுதுபோக்குப் பூங்காக்காரர்கள்! காசு போட்டால் ஆடும் குதிரை பொம்மை மாதிரி, காசு போட்டால் பறக்கும் பெட்டி. முதலில் விற்ற சுமார் ஐம்பது பெட்டிகளில் பெரும்பாலானவை பொருட்காட்சித் திடல்களுக்குத்தான் போயின. நம் பிள்ளைகள் செய்வதை விளையாட்டு என்று சொல்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம். இந்தக் கருவி பிறந்ததும் உலகம் அதை விளையாட்டு என்றுதான் சொன்னது.

இதற்கிடையில் பேசும்படம் வந்துவிட்டது. அரங்குகளில் ஆர்கன் தேவைப்படவில்லை. அடுத்து வந்தது பொருளாதாரப் பெருமந்தம். குடும்பத் தொழில் சாய்ந்தது. லிங்க் ஒரு விமானப் பள்ளி தொடங்கினார். பணம் இருந்தவர்கள் குறைவு என்பதால் அதுவும் தடுமாறியது. பசி வந்தால் கற்பனையும் வரும் போலிருக்கிறது. விமானத்தின் இறக்கைக்கு அடியில் மின்விளக்குகளைப் பொருத்தி, இரவு வானில் ரொட்டிக் கம்பெனிக்கும் ஷூ கம்பெனிக்கும் விளம்பரம் காட்டினார். எழுத்துகள் மாறி மாறி எரிவதற்கு அவர் பயன்படுத்தியது பியானோவின் துளைச்சுருள் உத்தி. வானத்திலிருந்து ஆர்கன் ஒலி கேட்கவும் ஏற்பாடு செய்தார். நம் ஊரில் ஆட்டோவில் மைக் கட்டிப் போவதன் வான்வழி வடிவம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்திரிகைக்காரர் மரியன் கிளேட்டனை அவர் மணந்ததும் இந்தக் கஷ்டகாலத்தில்தான், 1931-ல். அன்றுமுதல் கணக்கு, கடிதம், பயணம், ஆழ்கடல் என்று கணவரின் எல்லா வேலையிலும் மரியன் கூடவே இருந்தார். அவர் எழுதிய புத்தகங்கள் இல்லாவிட்டால் இவர் கதையில் பாதி நமக்குத் தெரியாது.

இரவு விளம்பரப் பறப்பு லிங்குக்கு ஓர் உண்மையைக் காட்டியது. இருட்டிலும் மேகத்திலும் கண் உதவாது. கருவிகளைப் பார்த்து ஓட்ட வேண்டும். தன் பெட்டியிலும் அந்தக் கருவிகளைப் பொருத்தினார், மேலே ஒரு மூடி போட்டார். உள்ளே உட்கார்ந்தவருக்கு வெளியே ஒன்றும் தெரியாது. மேகத்துக்குள் மாட்டிக்கொண்ட விமானியின் நிலை அப்படியே வந்துவிட்டது.

மேகத்துக்குள் என்ன ஆபத்து என்று சிலர் கேட்கலாம். நம் பிளாக்கின் லிஃப்டை நினைத்துப் பாருங்கள். கிளம்பும்போது மேலே போகிறோம் என்று வயிற்றுக்குத் தெரிகிறது. ஒரே வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போது நிற்பது மாதிரிதான் இருக்கிறது. நிற்கப் போகும்போது ஏதோ கீழே இறங்குவதுபோல் ஒரு கணம் தோன்றும். நம் உள்காது மாற்றத்தை மட்டுமே உணரும். ஒரே சீராக நடப்பதை மறந்துவிடும். விமானம் மெதுவாக ஒரு பக்கம் சாய்ந்து வட்டமடிக்கத் தொடங்கினால், சற்று நேரத்தில் உடம்பு அதை நேராகப் போவதாகவே எடுத்துக்கொள்ளும். உயரம் குறைகிறதே என்று விமானி கோலைப் பின்னால் இழுப்பார். சாய்ந்திருக்கும் விமானத்தில் அப்படி இழுத்தால் வட்டம் இன்னும் இறுகும், விமானம் இன்னும் வேகமாக இறங்கும். தான் நேராகத்தான் பறக்கிறோம் என்ற முழு நம்பிக்கையோடு தரையில் மோதியவர்கள் அந்தக் காலத்தில் ஏராளம். கண் தெரிகிறபோது லூப்பும் ரோலும் போடுகிற கெட்டிக்காரர்களுக்கும் இதுதான் கதி. உடம்பு சொல்வதை ஒதுக்கிவிட்டு முள் சொல்வதை நம்பவேண்டும். இதைப் பேசிப் புரியவைப்பது கடினம். பத்துத் தடவை ஏமாந்து பார்த்தால்தான் புரியும். பெட்டிக்குள் ஏமாந்தால் உயிர் போகாது.

1934 பிப்ரவரியில் அதிபர் ரூஸ்வெல்ட் தனியார் விமானக் கம்பெனிகளின் தபால் ஒப்பந்தங்களை ரத்து செய்துவிட்டு, தபால் சுமக்கும் வேலையை இராணுவ விமானப் பிரிவிடம் கொடுத்தார். கடும் பனிக்காலம். தபாலுக்கு இரவு என்ன, மூடுபனி என்ன? படை விமானிகளில் பலருக்குக் கருவி பார்த்துப் பறந்து பழக்கம் இல்லை. சில வாரங்களில் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். போர் இல்லை, எதிரி இல்லை. கடிதப் பை சுமந்துபோய் இறந்தார்கள். நாடே கொதித்தது.

அந்தக் குளிர்காலத்தில் ஒரு நாள், லிங்கின் பெட்டியைப் பற்றிப் பேச இராணுவ அதிகாரிகள் நியூவார்க் விமான நிலையத்துக்கு வந்திருந்தார்கள். எங்கும் மூடுபனி, மழை. இந்த வானிலையில் யாரும் பறந்து வரப்போவதில்லை என்று அவர்கள் கிளம்பத் தயாரானார்கள். அப்போது பனிக்குள்ளிருந்து ஒரு விமானம் இறங்கியது. பிங்ஹாம்டனிலிருந்து கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டிக்கொண்டு லிங்க் தனியாக வந்திருந்தார். அதற்கு மேல் அவர் வியாபாரம் பேசவேண்டிய தேவை இருக்கவில்லை. தலா 3,500 டாலர் விலையில் ஆறு பெட்டிகளுக்கு இராணுவம் ஆர்டர் கொடுத்தது. அதற்குப் பத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் போகவேண்டியிருந்தது என்பது மனத்தை உறுத்துகிற விஷயம்தான்.

அடுத்த ஆண்டே ஜப்பான் கடற்படை பத்துப் பெட்டிகள் வாங்கியது. சில வருடங்களில் அதே ஜப்பானோடு அமெரிக்கா போரில் இறங்கியது. கற்றுக்கொடுக்கும் கருவிக்கு யார் மாணவன் என்ற கணக்கு கிடையாது.

இரண்டாம் உலகப் போரில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட லிங்க் பெட்டிகள் தயாராயின. சுமார் ஐந்து லட்சம் விமானப்படையினர் அவற்றில் பழகினார்கள். நீல உடலும் மஞ்சள் இறக்கையுமாக இருந்ததால் நீலப்பெட்டி என்றே பெயர் நிலைத்தது. உள்ளே விமானி வியர்த்துக்கொண்டிருக்க, வெளியே ஒரு மேஜையில் பயிற்சியாளர் உட்கார்ந்திருப்பார். மேஜைக் கண்ணாடியின் மேல் வரைபடம். அதன் மேல் மூன்று சக்கரங்களில் ஊர்ந்துபோகும் ஒரு சின்னக் கருவி, அதற்கு நண்டு என்று பெயர். உள்ளே இருப்பவர் எந்தத் திசையில் எவ்வளவு வேகத்தில் பறப்பதாக நினைக்கிறாரோ அதற்கேற்ப நண்டு நகர்ந்து மையால் கோடு போடும். விமானி மூடியைத் திறந்து வெளியே வந்ததும், தான் நேராகப் போன லட்சணம் வரைபடத்தில் வளைந்து நெளிந்து கிடப்பதைப் பார்ப்பார். அதற்கு மேல் வாதாட முடியாது. இன்றைக்கு நம் பிள்ளைகள் பறந்து முடித்தபின் ரீப்ளே பார்க்கிறார்களே, அதன் மூதாதை இந்த நண்டுதான்.

சாகசப் பறப்பு கற்கும் பிள்ளைகளுக்கு இந்த இடத்தில் ஒரு செய்தி. லிங்கின் நீலப்பெட்டியில் லூப் போட முடியாது. துருத்திகளின் மேல் நிற்கும் பெட்டி கொஞ்சம் சாயலாம், மூக்கை உயர்த்தலாம், எத்தனை சுற்று வேண்டுமானாலும் திரும்பலாம். ஆனால் தலைகீழாகப் போகமுடியாது. ஆனாலும் ஸ்டாலும் ஸ்பின்னும் அதில் உண்டு. இறக்கைக்குத் தேவையான காற்றோட்டம் குலைந்து விமானம் தொய்ந்து விழுவது ஸ்டால். அந்த நிலையில் ஒரு பக்கமாகச் சுழலத் தொடங்கினால் ஸ்பின். வேகத்தைக் கவனிக்காமல் மூக்கை உயர்த்திக்கொண்டே போனால் பெட்டி சட்டென்று விழுந்து சுழலும். அப்போது கை தானாகக் கோலைப் பின்னால்தான் இழுக்கும். அதுதான் தப்பு. இஞ்சின் வேகத்தைக் குறைத்து, கோலைப் பக்கவாட்டில் நடுநிலைக்குக் கொண்டுவந்து, சுழலும் திசைக்கு எதிர் ரடரை முழுக்க மிதித்து, பிறகு கோலை முன்னால் தள்ளவேண்டும். சுழற்சி நின்றதும் ரடரை விட்டு, மெதுவாக மூக்கைத் தூக்கவேண்டும். பெரும்பாலான சிறு விமானங்களுக்கு இன்றும் பொதுவான முறை இதுதான். உங்கள் வீட்டு சிமுலேட்டரிலும் இதை அப்படியே செய்து பார்க்கலாம்.

வீட்டு சிமுலேட்டர் லூப்பையும் ரோலையும் கண்ணுக்குக் காட்டும். எந்த வேகத்தில் நுழையவேண்டும், உச்சியில் தலைகீழாக இருக்கும்போது கோலை எவ்வளவு தளர்த்தவேண்டும், வட்டம் ஏன் முட்டை வடிவமாகிவிடுகிறது என்பதையெல்லாம் அதில் நூறு தடவை பழகலாம், பெட்ரோல் செலவில்லாமல். அதனால் தர முடியாதது எடை. நிஜ லூப்பின் அடிப்பகுதியில் உடம்பு மூன்று மடங்கு கனக்கும். 60 கிலோ ஆள் 180 கிலோவாக உணர்வார், இரத்தம் காலை நோக்கி இறங்கும், பார்வை மங்கும். நாற்காலியில் உட்கார்ந்து லூப் போட்டுவிட்டு நான் விமானி என்று சொல்வதற்கு முன் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. ஆனால் கையும் காலும் செய்யவேண்டிய வரிசை பழகிவிட்டால், நிஜமாகக் கனக்கும்போது யோசிக்க வேண்டியது ஒன்று குறைகிறது. லிங்கின் வாதம் முழுக்க அவ்வளவுதான்.

போர்க்காலத்தில் அவர் செய்த இன்னொரு பொருள், நட்சத்திரம் பார்த்து வழி கண்டுபிடிக்கும் பயிற்சிக் கூடம். கப்பல் வழிகாட்டலில் வல்லவரான வீம்ஸ் என்ற கடற்படை அதிகாரியோடு சேர்ந்து செய்தது. சுமார் 45 அடி உயர வட்டக் கோபுரம். மேலே விளக்கு நட்சத்திரங்கள் பதித்த கூரை, நேரத்துக்கும் இடத்துக்கும் ஏற்ப நகரும். கீழே குண்டுவீச்சு விமானக் குழுவினர் உட்கார்ந்து, நட்சத்திரக் கோணம் அளந்து, அட்லாண்டிக்கை ஒரு இரவில் கடப்பதாகப் பழகுவார்கள். நிஜ இரவில் இருட்டுக் கடலின் மேல் போகும்போது அது அவர்களுக்கு இரண்டாவது தடவையாக இருக்கும்.

1954-ல் லிங்க் கம்பெனியை விற்றுவிட்டார். அதே பெயரில் தொடர்ந்த நிறுவனம் பின்னாளில் அப்போலோ விண்வெளி வீரர்களுக்கான சிமுலேட்டர்களைச் செய்தது. நிலவில் இறங்கியவர்கள் முதலில் இறங்கிப் பழகியது அதில்தான். ஆனால் அதற்குள் லிங்கின் கவனம் வானத்தை விட்டுக் கடலுக்குப் போயிருந்தது. ஐம்பது வயதில் பணமும் ஓய்வும் உள்ள மனிதர் தோட்டம் போடுவார், கோயில் குளம் சுற்றுவார். இவர் ஸீ டைவர் என்ற கப்பலைக் கட்டி மனைவி, இரு மகன்களோடு மூழ்கிய கப்பல்களையும் நகரங்களையும் தேடிப் போனார். 1692 நிலநடுக்கத்தில் கடலுக்குள் சரிந்த ஜமைக்காவின் போர்ட் ராயல் நகரத்தை 1959-ல் ஆராய்ந்தபோது ஒரு பித்தளைக் கடிகாரப் பெட்டி கிடைத்தது. சட்டைப் பையில் வைத்துக்கொள்ளும் வகை. உப்பேறிப் போன அதை எக்ஸ்ரே எடுத்ததில் முட்கள் நின்ற இடம் தெரிந்தது: 11.43. நகரம் அழிந்த நேரம்.

மனிதன் கடலடியில் நாள்கணக்கில் தங்கி வேலை செய்ய முடியுமா என்பது அடுத்த கேள்வி. தான் வடிவமைத்த அலுமினிய உருளைக்குள் 1962-ல் முதலில் தானே இறங்கி, 60 அடி ஆழத்தில் எட்டு மணி நேரம் இருந்து பார்த்தார். வயது 58. பிறகுதான் மற்றவரை அனுப்பினார். அடுத்த மாதம் பெல்ஜியம் நாட்டு முக்குளிப்பவர் ராபர்ட் ஸ்டெனுயி பிரெஞ்சுக் கடலில் 200 அடி ஆழத்தில் ஒரு முழு நாள் தங்கினார். 1964-ல் பஹாமாஸ் அருகே அதே ஸ்டெனுயியும், அட்லாண்டிக்கைத் தனியாகப் பறந்து கடந்த லிண்ட்பர்கின் மகன் ஜானும் 432 அடி ஆழத்தில் 49 மணி நேரம் இருந்தார்கள். தங்கிய வீடு, காற்று ஊதிய ரப்பர் கூடாரம். துருத்திக்காரர் கடலடியிலும் துருத்தியைத்தான் நம்பினார் என்று சொல்லத் தோன்றுகிறது.

1971-ல் ஜான்சன் ஸீ லிங்க் என்ற சிறு நீர்மூழ்கி இறங்கியது. முன்பக்கம் பெரிய கண்ணாடி உருண்டை மாதிரி ஒன்று. அது தடித்த அக்ரிலிக்கால் ஆனது. ஓட்டுநரும் பார்வையாளரும் அதில் இருப்பார்கள். பின்பக்கம் முக்குளிப்பவர்கள் வெளியேறி வருவதற்கான அலுமினிய அறை.

1973 ஜூன் 17. ஃபுளோரிடாவின் கீ வெஸ்ட் அருகே, மீன்களுக்காகவே மூழ்கடிக்கப்பட்டிருந்த ஒரு பழைய போர்க்கப்பலுக்குப் பக்கத்தில் நீர்மூழ்கி இறங்கியது. பெரிய சாகசம் ஒன்றும் இல்லை. வைத்திருந்த மீன்பொறி ஒன்றை எடுக்கப் போனார்கள். நீரோட்டம் அதைத் தள்ளிக்கொண்டுபோய்ச் சிதைவுகளின் கம்பிகளில் மாட்டிவிட்டது. ஆழம் சுமார் 110 மீட்டர். உள்ளே நால்வர். பின் அறையில் இருந்த இருவர் ஆல்பர்ட் ஸ்டோவர், வயது 51. கிளேட்டன் லிங்க், வயது 31. இரண்டாமவர் எட்வின் லிங்கின் மகன்.

மேலே கப்பலில் தந்தை இருந்தார். கடற்படை வந்தது. முக்குளிப்பவர்கள் இறங்கினார்கள், நீரோட்டமும் கம்பிகளும் அவர்களைத் திருப்பி அனுப்பின. மீட்பு ஒரு நாளையும் தாண்டி இழுத்தது. முன் உருண்டையின் அக்ரிலிக் குளிரை உள்ளே விடவில்லை. பின் அறையின் அலுமினியம் கடலின் குளிரை அப்படியே உள்ளே கடத்தியது. நாம் வெளிவிடும் கரியமில வாயுவை உறிஞ்சுவதற்கு வைத்திருந்த ரசாயனம் குளிரில் சரியாக வேலை செய்யாது. காற்று மெல்ல மெல்லக் கெட்டது. கடைசியில் இன்னொரு கப்பல் நீருக்கடிக் கேமராவின் துணையோடு கொக்கி போட்டு நீர்மூழ்கியை இழுத்தெடுத்தபோது, முன்னால் இருந்த இருவர் பிழைத்திருந்தார்கள். பின்னால் இருந்த இருவரும் இறந்திருந்தார்கள்.

நாற்பத்தைந்து ஆண்டுகளாக, ஆபத்து வருவதற்கு முன் அதைப் பத்திரமான இடத்தில் பழகிவிட வேண்டும் என்று உழைத்த மனிதர். தன் கையால் வடிவமைத்த கலத்துக்குள், தான் எட்டமுடியாத ஆழத்தில், தன் மகன்.

அவர் கடலை விட்டுவிடவில்லை. அடுத்து வந்த மாதங்களிலேயே வேலையில் உட்கார்ந்தார். மனிதர் ஏறாத, கப்பலிலிருந்து கேபிள் வழியாக ஓட்டப்படும் ஒரு மீட்புக் கருவியை உருவாக்கினார். கேமராவும், கம்பியை வெட்டும் கைகளும் அதற்கு உண்டு. மாட்டிக்கொண்ட நீர்மூழ்கி ஒன்றின் அருகே ஆள் போக முடியாவிட்டாலும் அது போகும். ஸீ லிங்க் நீர்மூழ்கிகளும் ஒதுக்கப்படவில்லை. 1986-ல் சேலஞ்சர் விண்கலம் வெடித்துக் கடலில் விழுந்தபோது அடியில் தேடிச் சென்றவற்றில் அவையும் இருந்தன. அதைப் பார்க்க லிங்க் இல்லை.

கடைசிக் காலத்தில் பழைய அரங்க ஆர்கன்களைத் தேடிப் பிடித்துப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். தோல் கிழிந்த துருத்திகளை மாற்றுவது, காற்று கசியும் இடத்தை அடைப்பது என்று பதினெட்டு வயதில் செய்த அதே வேலை. 1981 செப்டம்பர் 7 அன்று பிங்ஹாம்டனில் 77-வது வயதில் காலமானார். கணவனும் மனைவியும் 1953-ல் தொடங்கிய லிங்க் அறக்கட்டளை, சிமுலேட்டர் பயிற்சி, கடல் பொறியியல், ஆற்றல் ஆகிய துறைகளில் ஆராய்ச்சி செய்யும் மாணவர்களுக்கு இன்றும் உதவித்தொகை வழங்குகிறது.